பற்றுதலும் பற்றப்படுதலும்

பெரியாழ்வார் திருமொழியின் நான்காம் பத்தில் பத்தாவது திருமொழியை வகுப்பில் நடத்தும் வாய்ப்பு எமக்குப் பலமுறை கிடைத்துள்ளது. திருவரங்கத்துப் பெருமானை முன்னிலைப்படுத்திப் பாடிய பாசுரங்கள் அவை. உடல் தளர்ந்து நினைவு தப்பும் கடைசி நாளில் உன்னை எண்ண என்னால் இயலாமற்போகும். ஆதலால் தெளிவோடிருக்கும் இன்றே உன்னிடம் முறையிட்டு வைத்துக்கொள்கிறேன் என்பது அவற்றின் சாரம்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பாசுரங்களை விளக்கிக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, முறையிட்டு வைத்ததே மறந்துபோனால்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்துவிட்டு, "அதற்காகத்தானே அம்மா ஆழ்வார் பெருமானிடம் சொல்லி வைக்கிறார்" என்று விடை கூறி மேலே சென்றோம். விடையில் பிழையில்லை. ஆனால் அதன் எடை அன்று எமக்குத் தெரியாது.

அதே ஆண்டில்தான் எம் அன்னையாருக்கு மறதிநோய் தொடங்கியது. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, அறிவு தெரிந்த நாள்முதல் ஓர் இரவும் செபமாலை சொல்லாமல் உறங்காதவர் அவர். முதலில் பேரப்பிள்ளைகளின் பெயர்கள் மறந்தன. பின்பு எம் பெயர். கடைசியில் செபங்கள். மணிகள் மட்டும் விரல்களுக்கிடையே பழக்கத்தால் நகர்ந்துகொண்டிருக்கும். மங்கள வார்த்தை செபம் பாதியில் அறுந்து நிற்கும். நம்பிக்கை என்பது மனிதன் கடவுளைப் பற்றிக்கொள்வது என்றே சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் விளங்கிக்கொண்டிருந்தோம். பற்றுகின்ற கையே தளர்ந்தால் என்ன ஆகும்? கடவுளை மறந்துவிட்ட ஒரு கிறித்தவர் கிறித்தவர்தாமா?

இவ்வினாவுக்கு விடை தேடி யாம் எங்கும் தொலைவில் போகவில்லை. மலைக்கோட்டை உச்சியில் நின்றால் வடக்கே காவிரிக்கு அப்பால் 1987இல் நிறைவுற்ற 236 அடி உயர அரங்கன் இராசகோபுரம். கீழே தெப்பக்குளத்தருகே தேவாலயக் கோபுரங்கள். மனிதன் இறைவனைப் பற்றுகிறானா, இறைவன் மனிதனைப் பற்றுகிறானா என்று இந்த இரு கரைகளையும் சேர்ந்த மரபுகள் தத்தம் வழியில் நூற்றாண்டுக்கணக்கில் வாதிட்டு வந்துள்ளன. அவ்வரலாற்றை எம் சிற்றறிவுக்கு எட்டியவரை இங்கே தொகுத்துப் பார்க்கிறோம்.

குரங்கும் பூனையும்

முதலில் வடகரை. இராமானுசரின் வாழ்நாளை 1017 முதல் 1137 வரை என மரபு கணக்கிடும். அதில் பெரும்பகுதி திருவரங்கத்தில் கழிந்தது. ஒரு பங்குனி உத்திர நாளில் அவர் அரங்கன் திருமுன் நின்று சரணாகதி கத்தியத்தை விண்ணப்பித்தார் என்பர். தன்னிடம் தகுதியேதும் இல்லை என்று அறிக்கையிட்டு, உன் திருவடியன்றி வேறு புகலில்லை என அடைக்கலம் புகும் உரைநடை நூல் அது. பிரபத்தி, சரணாகதி, அடைக்கலம் என்று பெயர்கள் பலவாயினும் பொருள் ஒன்று.

அவருக்குப் பின்வந்த தலைமுறைகளில் ஒரு நுட்பமான சிக்கல் எழுந்தது. அடைக்கலம் புகுதல் என்பது மனிதன் செய்யும் ஒரு செயலா? ஆம் என்றால், மீட்சியில் மனிதனுக்கும் ஒரு பங்கு உண்டாகிறது. இல்லை என்றால், யாருக்கு மீட்சி, யாருக்கு இல்லை என்பதை எது முடிவு செய்கிறது?

வேதாந்த தேசிகர் (1268 – 1369) முதல் விடையின் பக்கம் நின்றார். இறைவனின் கருணையே மீட்கிறது. ஆயினும் அக்கருணை பாய்வதற்கு ஒரு சிறு சாக்கு வேண்டும். வியாஜம் என்று அதற்குப் பெயர். மனிதனின் சரணாகதியே அந்தச் சாக்கு. அது விலையாகாது, ஆனால் அது வேண்டும். இல்லையேல் இறைவன் பாரபட்சம் உடையவன் என்ற பழி வந்துசேரும்.

திருவரங்கத்தில் வாழ்ந்த பிள்ளை லோகாசாரியரோ அந்தச் சாக்கையும் ஏற்கத் தயங்கினார். அவரது ஸ்ரீவசனபூஷணம் இறையருளைக் காரணம் எதிர்பாராத அருளாக, நிர்ஹேதுக கிருபையாகப் பேசுகிறது. மனிதன் செய்ய வேண்டியதெல்லாம் விலக்காதிருத்தல். பின்னர் 1370இல் பிறந்த மணவாள மாமுனிகள் திருவரங்கத்தில் வாழ்ந்து இந்நூலுக்கு விரிவுரை கண்டார்.

இவ்விரு நிலைகளையும் விளக்க வைணவர் கையாளும் உவமைகள் புகழ்பெற்றவை. குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும்; தாய் தாவும்போது குட்டி பிடியை விட்டால் விழும். இது மர்க்கட நியாயம், வடகலையாருக்கு உரியது. பூனைக்குட்டி எதையும் பற்றுவதில்லை. தாய்தான் அதன் கழுத்தைக் கவ்வி இடம் மாற்றும். இது மார்ஜார நியாயம், தென்கலையாருக்கு உரியது.

உவமை எளிது என்பதால் வேறுபாடும் எளிது என்று கருதிவிடலாகாது. மனிதனின் குற்றத்தைக் கருணையுள்ள கடவுள் எவ்வாறு காண்கிறார் என்னும் கேள்வியிலும் இரு மரபும் பிரிகின்றன. கடவுள் குற்றத்தைக் காணாததுபோல் இருந்துவிடுகிறார் என்பர் வடகலையார். ஈன்ற பசு கன்றின் மேலுள்ள அழுக்கை விருப்போடு நக்குவதுபோல் குற்றத்தையும் அன்புக்கு இடமாகக் கொள்கிறார் என்பர் தென்கலையார். இவ்வளவு மென்மையான சிந்தனைகளின் வழிவந்தோர் பிற்காலத்தில் கோயில் முறைகளுக்காக வழக்குமன்றம் ஏறினர் என்பது வேறு கதை; காஞ்சிபுரம் அதற்குச் சான்று.

தென்கரைக்கு வந்த பழைய வழக்கு

இனித் தென்கரை. கிறித்தவ உலகில் இவ்வழக்கு ஐந்தாம் நூற்றாண்டிலேயே எழுந்துவிட்டது. மனிதன் தன் சொந்த விருப்பாற்றலால் நன்மையைத் தேர்ந்து நடக்க இயலும் என்றார் பெலாஜியுஸ். நன்மையை விரும்புவதற்கே முதலில் அருள் வேண்டும் என்று மறுத்தார் அகுஸ்தினார். திருச்சபை அகுஸ்தினாரின் பக்கம் நின்றது. ஆனால் அருள் எல்லாவற்றையும் செய்துவிட்டால் மனிதச் சுதந்திரம் எங்கே என்ற கேள்வி புகைந்துகொண்டே இருந்தது.

1517இல் மார்ட்டின் லூத்தர் எழுப்பிய புயலின் நடுவிலும் இக்கேள்வியே இருந்தது. மனிதனின் நற்செயல்களால் மீட்பு இல்லை. அருளால் மட்டுமே, விசுவாசத்தின் வழி, என்றார் அவர். அவ்விசுவாசமும் இறைவனின் கொடையே. கத்தோலிக்கத் தரப்பில் இயேசு சபையினர் மனிதச் சுதந்திரத்தை வலியுறுத்தினர். 1588இல் அச்சபையைச் சேர்ந்த மொலினா, அருள் முந்துகிறது, மனிதன் தன் இசைவால் உடன்படுகிறான் என நூல் செய்தார். தோமினிக்கன் சபையார் இது அருளின் முதன்மையைக் குறைக்கிறது என எதிர்த்தனர். வழக்கு உரோமைக்குப் போயிற்று. ஏறத்தாழப் பத்தாண்டுகள் விசாரித்தபின், 1607இல் ஐந்தாம் பவுல் என்னும் திருத்தந்தை எப்பக்கமும் தீர்ப்புக் கூறாமல் அவையைக் கலைத்தார். இரு சாராரும் தத்தம் கொள்கையைக் கற்பிக்கலாம். ஒருவரையொருவர் திரிபுக்கொள்கையர் எனத் தூற்றலாகாது என்றார். சமய வரலாற்றில் மிக அறிவார்ந்த தீர்ப்புகளுள், தீர்ப்புக் கூறாத இத்தீர்ப்பும் ஒன்று என்பது எம் எண்ணம்.

அதற்கு முந்தைய ஆண்டே, 1606இல், தத்துவ போதகர் எனத் தமிழர் அழைத்த இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்துவிட்டார். அவர் தொடங்கி வைத்த மறைப்பணியின் வழியே இயேசு சபையினர் காவிரிக் கரைக்கும் வந்தனர். 1844இல் நாகப்பட்டினத்தில் அவர்கள் நிறுவிய தூய வளனார் கல்லூரி 1883இல் திருச்சிக்கு மாறியது. அச்சபையின் மிகச்சிறந்த தமிழர், பிறப்பால் இத்தாலியராயினும், வீரமாமுனிவர் (1680 – 1747) அல்லரோ? திருவரங்கத் தீவைச் சுற்றிப் பிரிந்துபோகும் கொள்ளிடத்தின் வடகரையில், ஏலாக்குறிச்சியில் அவர் வாழ்ந்தார். அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார். அங்கே அவர் போற்றிய மரியன்னைக்கு வழங்கும் பெயர் அடைக்கல மாதா. இராமானுசர் வேண்டிய அதே அடைக்கலந்தான் இதுவும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரே ஆற்றின் இரு கிளைகளின் கரையில், வேறுவேறு நாட்டில் பிறந்த இரு சமயத்தார்க்கு உள்ளத்தின் உச்சத் தேவையைச் சொல்ல ஒரே தமிழ்ச்சொல் உதவியிருக்கிறது.

லூத்தரின் வழிவந்தவர்களும் இங்கே வந்தனர். பிரஷ்யாவில் 1726இல் பிறந்த கிறித்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் 1750இல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1760களில் திருச்சிக்கு வந்தார். கோட்டைக்குள் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் மாண்டபோது பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். தெப்பக்குளத்துக்கு அருகில் இன்றும் நிற்கும் கிறிஸ்து ஆலயத்தை 1766இல் கட்டினார். 1778இல் தஞ்சைக்குப் போய் 1798இல் அங்கேயே மறைந்தார். அருளால் மட்டுமே என்னும் லூத்தரின் கொள்கையைத் தமிழில் போதித்த அவருடைய கோயிலுக்கும், காரணமற்ற அருளைப் பேசிய லோகாசாரியர் நடந்த வீதிகளுக்கும் இடையே ஓடுவது காவிரி ஒன்றே. தென்கலையும் லூத்தரும் ஒரு திசை நோக்க, வடகலையும் இயேசு சபையும் மற்றொரு திசை நோக்குவதைக் காண வியப்பாக இருக்கிறது. பூனையும் குரங்கும் இரு கரைகளிலும் இருந்திருக்கின்றன.

இவற்றுக்கெல்லாம் வேரான நற்செய்தியில் விடை உண்டா என்று தேடினால், லூக்கா எழுதியதன் பதினைந்தாம் அதிகாரம் கைகொடுக்கிறது. இயேசு அங்கே மூன்று உவமைகளை அடுத்தடுத்துச் சொல்கிறார். முதலாவது காணாமற்போன ஆடு. அது நடந்து திரும்பவில்லை. மேய்ப்பன் தேடிச்சென்று தோளில் சுமந்து வருகிறான். இரண்டாவது தொலைந்த வெள்ளிக்காசு. காசு கத்தக்கூட முடியாது. வீட்டுக்காரிதான் விளக்கேற்றி வீடெல்லாம் கூட்டித் தேடுகிறாள். மூன்றாவது ஊதாரி மகன். அவன் தானே மனந்திருந்தி எழுந்து நடக்கிறான். ஆனால் தொலைவில் வரும்போதே தந்தை ஓடிச்சென்று தழுவிக்கொள்கிறார். மகன் நடந்தது தேசிகர் சொன்ன சாக்கு. தந்தை ஓடியது லோகாசாரியர் சொன்ன காரணமற்ற அருள். மூன்று உவமைகளும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருப்பதால், ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விடுவதற்கு இடமில்லை என்றே தோன்றுகிறது. மகனாக நடப்போரும் உண்டு. காசாகக் கிடப்போரும் உண்டு. ஒரே மனிதர் ஒரு காலத்தில் மகனாகவும் பிறிதொரு காலத்தில் காசாகவும் இருத்தல் கூடும்.

ஒப்புமையின் எல்லை

இவ்வொப்புமையை முதலில் கண்டவர் நாமல்லோம். செர்மானிய அறிஞர் ருடால்ப் ஓட்டோ, இந்தியாவின் அருட்சமயத்தையும் கிறித்தவத்தையும் ஒப்பிட்டு எழுதிய நூலின் ஆங்கில வடிவம் 1930இல் வெளிவந்தது. பூனை, குரங்கு உவமைகளை மேலை வாசகர் பலர் அந்நூல் வழியே அறிந்தனர். பாளையங்கோட்டையில் 1891இல் பிறந்து, பின்னாளில் தென்னிந்தியத் திருச்சபையின் கோவைப் பேராயரான அ. யே. அப்பாசாமி, கிறித்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி 1927இல் நூல் வெளியிட்டார். கிறித்தவச் சிந்தனையாளர் பலர் அத்வைதத்தோடு உரையாட முயன்றபோது, அவர் இராமானுசரிடம் சென்றார். அன்பு செய்ய இருவர் வேண்டும். ஆன்மா கடவுளில் கரைந்துவிட்டால் அன்புக்கு இடமேது என்பது பக்தர் அனைவர்க்கும் பொதுவான உள்ளுணர்வு. அண்மையில் அமெரிக்க இயேசு சபைத் துறவி பிரான்சிஸ் குளூனி, பிரான்சிஸ் சலேசியாரையும் வேதாந்த தேசிகரையும் அருகருகே வைத்துப் பயிலும் நூலை 2008இல் தந்தார்.

ஒப்பிடுவோர் எல்லையையும் உணர வேண்டும். வினையும் மறுபிறப்பும் வைணவச் சிந்தனையின் பின்புலம். ஒரே வாழ்வும் உயிர்த்தெழுதலும் கிறித்தவத்தின் பின்புலம். பாவம், குற்றவுணர்வு, மன்னிப்பு ஆகியவற்றைக் கிறித்தவத்தின் மையமாகக் கண்ட ஓட்டோ, வேறுபாடு அங்கே இருப்பதாகக் கருதினார். சிலுவையில் அறையப்பட்டு இறந்த ஒரு மனிதரைக் கடவுள் என அறிக்கையிடுவது கிறித்தவரின் தனி வழக்கு; அரங்கத்து அரவணைத் துயிலைக் கண்ணாரக் காண்பது வைணவரின் தனிச் சுவை. எல்லாம் ஒன்றே என்று சொல்லிக் கைகுலுக்கி விடைபெறுவது மரியாதை போலத் தோன்றினாலும், இரு மரபுகளையும் கூர்ந்து நோக்காமையின் அடையாளம் அது. நாம் கிறித்தவராகவே இந்நூல்களைப் படிக்கிறோம். ஆயினும் எம் சமயத்தின் கேள்வியை அண்டை வீட்டாரும் வேறு சொற்களில் கேட்டிருக்கிறார் என்று அறிவது தனிமையைப் போக்குகிறது.

அருளுக்கு வந்த சோதனை

கொள்கைகள் நூலில் அழகாக இருக்கும். அவை உண்மையா என்பது ஊழிக்காலத்தில் தெரியும்.

1323இல் தில்லிப் படை திருவரங்கத்தின் மேல் வந்தது. அப்போது நிகழ்ந்தவற்றைக் கோயிலொழுகும் குருபரம்பரை நூல்களும் சொல்கின்றன. முதுமையின் எல்லையிலிருந்த பிள்ளை லோகாசாரியர் உற்சவரான அழகிய மணவாளரை எடுத்துக்கொண்டு, சிறு கூட்டத்தோடு தெற்கே புறப்பட்டார். காட்டு வழி, கள்வர் தொல்லை, பசி. மதுரையை அடுத்த சோதிஷ்குடி என்னும் இடத்தில் அவர் உயிர் பிரிந்தது. திருமேனி ஊர் ஊராக மறைந்து அலைந்து 1371இல்தான் திருவரங்கம் திரும்பியது. நாற்பத்தெட்டு ஆண்டுகள்.

இந்நிகழ்ச்சியைப் படிக்கும்போதெல்லாம் நாம் திகைத்து நிற்போம். இறைவன் பூனையைப்போல் நம்மைக் கவ்வித் தூக்கிச் செல்வான், நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று கற்பித்த ஆசிரியர், கடைசியில் அந்த இறைவனின் திருமேனியையே காப்பாற்ற எடுத்துச் சென்றார். கொள்கை பொய்த்துவிட்டதா? அவருக்கு அப்படித் தோன்றியதாகத் தெரியவில்லை. சுமக்கப்படுகிறோம் என்று உறுதியாக நம்பியவர்க்கே அந்த முதுமையில் சுமக்கத் துணிவு வந்தது என்றுதான் நாம் பொருள் கொள்கிறோம்.

அதே அழிவின்போது வேதாந்த தேசிகர், சுருதப்பிரகாசிகை என்னும் பேருரையின் ஏட்டையும், அதன் ஆசிரியர் சுதர்சன சூரியின் இரு சிறு மகன்களையும் காத்துக்கொண்டு, பிணக்குவியலிடையே மறைந்து தப்பினார் என்பது மரபு. பின்பு கன்னட நாட்டில் இருந்தபடி, திருவரங்கத்தின் அச்சம் நீங்க வேண்டி அபீதிஸ்தவம் பாடினார். சாக்கு வேண்டும் என்றவரும் சாக்கு வேண்டா என்றவரும் அன்று செய்தது ஒன்றே. கையில் கிடைத்ததை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார்கள்.

தென்கரையிலும் ஒரு சோதனை உண்டு. ரெஜினால்டு ஹீபர் கல்கத்தாவின் இரண்டாம் ஆங்கிலிக்கன் பேராயர். ஆங்கிலத்தில் பெயர்பெற்ற ஞானப்பாடல்களை இயற்றியவர். இந்தியா வந்து மூன்றாண்டுகளும் நிறையவில்லை. 1826ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவைத் தஞ்சையில் கொண்டாடி, சுவார்ட்ஸின் கல்லறையைக் கண்டு, திருச்சிக்கு வந்தார். ஏப்ரல் 3ஆம் நாள் அதிகாலை கோட்டைக்குள் தமிழ்க் கிறித்தவர்களுக்குத் திடப்படுத்தும் சடங்கை நடத்தினார். வெயிலில் களைத்துத் திரும்பியவர் குளிக்க இறங்கினார். நெடுநேரம் ஓசையில்லாததால் உள்ளே சென்று பார்த்தபோது நீரில் இறந்து கிடந்தார். வயது 42. மனைவியும் இரு சிறு மகள்களும் இருந்தனர். தூய யோவான் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தனர். அவர் பெயரால் இந்நகரில் கல்லூரி இயங்குகிறது.

அன்று காலை பலர் தலைமேல் கைவைத்து இறையருளை வேண்டிய மனிதரை, அடுத்த சில மணி நேரத்தில் அருள் ஏன் கவ்விப் பிடிக்கவில்லை? எமக்கு விடை தெரியாது. தெரியும் என்போரிடம் எமக்கு ஐயமே மிகுதி. இறைவன் பற்றியிருக்கிறான் என்பதற்கு விபத்து நேராது என்று பொருளில்லை. அப்படிப் பொருள் கொண்டிருந்தால் சிலுவையின் அடியிலேயே கிறித்தவம் முடிந்துபோயிருக்கும். விபத்தும் மறதியும் மரணமும் அந்தப் பிடியை அறுத்துவிடா என்பதே அந்நம்பிக்கையின் உள்ளீடு. மெய்ப்பிக்க இயலாத கூற்றுத்தான். ஆனால் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் பலர் அதன்மேல் நின்றே எஞ்சிய வாழ்நாளைக் கழித்திருக்கிறார்கள்.

உறையூரிலிருந்து ஒரு பாணர்

அருள் தகுதி பாராது என்றால், அருளை நம்புவோர் தகுதி பார்க்கலாமா? இரு கரைகளும் தலைகுனிய வேண்டிய கேள்வி இது.

திருச்சியின் ஒரு பகுதியாகிவிட்ட உறையூர் திருப்பாணாழ்வாரின் ஊர். பாணர் குலத்தவராதலால் அரங்கத் தீவில் கால்வைக்க அஞ்சி, காவிரியின் தென்கரையில் நின்றே பாடிக்கொண்டிருந்தார் என்பர். நீரெடுக்க வந்த உலோகசாரங்க முனிவர் விலகும்படி கூவினார். இசையில் மூழ்கியிருந்தவர் கேட்கவில்லை. முனிவர் எறிந்த கல் பாணர் நெற்றியில் பட்டுக் குருதி வழிந்தது. கோயிலில் அரங்கன் நெற்றியிலும் குருதி. அன்றிரவு கனவில், அந்தப் பாணரைத் தோளில் சுமந்து வருக என்று முனிவருக்குக் கட்டளை பிறந்தது. கல்லெறிந்த கை மறுநாள் சுமந்தது. சுமந்து செல்லப்பட்டவர் பத்துப் பாசுரங்கள் பாடி அரங்கனில் கலந்தார். முனிவாகனர் என்ற பெயர் அதனால் வந்தது. அப்பத்துப் பாசுரங்களுக்கு எழுந்த உரைக்கு வேதாந்த தேசிகர் இட்ட பெயர் முனிவாகன போகம். அடியாரின் பிறப்பை ஆராய்வது பெருங்குற்றம் என ஸ்ரீவசனபூஷணம் கூறுகிறது.

ஆயினும் நூலில் இருந்தது வீதியில் இருந்ததில்லை. வடகரையைச் சுட்டும் விரல் தென்கரைக்கும் திரும்ப வேண்டும். கிறிஸ்துவில் யூதரென்றும் கிரேக்கரென்றும், அடிமையென்றும் உரிமையாளரென்றும் இல்லை எனத் தூய பவுல் கலாத்தியருக்கு எழுதிய மடலைக் கோயிலில் வாசித்துக்கொண்டே, தமிழ்க் கிறித்தவர் சாதிவாரியாகத் தனித்தனியே அமர்ந்தனர். ஹீபர் இச்சிக்கலைத் தஞ்சையில் விசாரிக்கத் தொடங்கியிருந்தார். அவருக்குப் பின் வந்த பேராயர் டேனியல் வில்சன் 1833இல் திருச்சபைக்குள் சாதி வேறுபாட்டை ஒழிக்க ஆணையிட்டபோது எதிர்த்தவர்களுள், அருளைப் பாடிப் பாடி நம்மை உருகவைத்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் கத்தோலிக்கக் கோயிலுக்குள் சாதிப் பிரிவுக்குச் சுவர் நின்றது, 1910இல்தான் இடிக்கப்பட்டது. கல்லாலான சுவர் இடிந்தது. மற்றவை எத்தனை இடிந்தன என்பதை அவரவர் பங்குக்கோயிலையும் கல்லறைத் தோட்டத்தையும் பார்த்து அவரவரே சொல்லிக்கொள்ளலாம்.

காரணமற்ற அருள் என்னும் கொள்கை உண்மையில் எவ்வளவு கடினமானது என்பது இங்கேதான் தெரிகிறது. என் குற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும் கடவுளை ஏற்பது எளிது. நான் விலக்கி வைத்தவரைத் தோளில் சுமக்கச் சொல்லும் கடவுளை ஏற்பது எளிதன்று. உலோகசாரங்கர் மறுநாள் காலை ஆற்றங்கரைக்கு நடந்த அந்தச் சிறு தொலைவைக் கடக்க நமக்கு நூற்றாண்டுகள் போதவில்லை.

மீண்டும் முதல் வினா

1999 அக்டோபர் 31ஆம் நாள், செர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. மனிதன் தன் தகுதியால் அன்றி அருளாலேயே கடவுளுக்கு ஏற்புடையவனாகிறான் என இரு தரப்பும் சேர்ந்து அறிக்கையிட்டன. 1517இலிருந்து எண்ணினால் 482 ஆண்டுகள். செய்தித்தாளில் அதைப் படித்தபோது எமக்குப் பெரிதாக எதுவும் தோன்றவில்லை. அறிஞர்கள் பேசித் தீர்த்துக்கொண்டார்கள் என்று நினைத்தோம். அந்த அறிக்கை எம் வீட்டுக் கட்டில் ஓரத்தில் எமக்குத் தேவைப்படும் என்று அறியோம்.

அன்னையாரின் கடைசி மழைக்காலத்தில், திருவரங்கத்தில் வாழும் ஓய்வுபெற்ற வைணவத் தமிழாசிரியர் ஒருவர் பார்க்க வந்தார். எமக்கு மூத்தவர், அன்னையாரைத் தம் தமக்கையாகக் கொண்டு 'அக்கா' என்றே அழைப்பவர். அக்கா அவரை அடையாளம் காணவில்லை. சிறிது நேரம் அமர்ந்திருந்துவிட்டு வெளியே வந்தவரிடம் நாம், "செபம்கூட மறந்துவிட்டது, ஐயா" என்றோம். அவர் வராக சரம சுலோகத்தின் பொருளைச் சொன்னார். உடல் நலமும் தெளிந்த அறிவும் இருந்த காலத்தில் என்னை நினைத்தவன், சாகும் தறுவாயில் கட்டையும் கல்லும் போலக் கிடக்கும்போது, நான் அவனை நினைக்கிறேன் என்று பெருமான் உரைப்பதாக அமைந்தது அது. சொல்லி முடித்து, "இனி நினைக்க வேண்டிய வேலை அக்காவுடையது இல்லை" என்று கூறிச் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.

அவர் வைணவர், யாம் கிறித்தவர். அவர் சொன்னதை நாம் எம் நற்செய்தியில் வைத்தே விளங்கிக்கொண்டோம். வீட்டின் இருண்ட மூலையில் கிடக்கும் காசு தன்னைத் தேடுகிறவளை அறியாது. அவள் விளக்கோடு வருகிறாள்.

பற்ற இயலும் நாள்வரை பற்ற வேண்டும் என்பதே இன்று எம் நிலை. தேசிகரும் இயேசு சபையாரும் அவ்வளவில் சரி. பெரியாழ்வார் முன்கூட்டியே சொல்லி வைத்ததும் அதனால்தான். ஆனால் அந்தப் பிடியின்மேல் மீட்பு தொங்கவில்லை. அப்படித் தொங்கினால் நோயுற்றோர்க்கும் மூளை வளராத குழந்தைகளுக்கும் எவ்வகைக் கதியும் இல்லை. இது எம் சொந்த நம்பிக்கை. யார்மேலும் திணிக்க அன்று.

தேம்பாவணியின் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை வீரமாமுனிவர் பாடியது தூய வளனாரைத் தலைவராக்கி. உலகைச் சுமப்பவர் எனத் தாம் நம்பிய கடவுளைக் கைக்குழந்தையாக ஏந்திய ஒரு தச்சர் அவர். அழகிய மணவாளரைக் காத்துச் சென்ற கிழவருக்கும் இந்தத் தச்சருக்கும் இடையே ஏதோ ஓர் உறவு இருக்கிறது. சுமக்கப்படுவதும் சுமப்பதும் இருவேறு செயல்கள் என்று நாம் எண்ணியிருந்தோம். படுக்கை மாற்றுவதற்காக அன்னையாரைத் தூக்கும்போது, இன்னாரென்று அறியாமலே அவர் எம் தோளைப் பற்றிக்கொள்வார். சில நாள் அதுவும் இராது. பற்றிய நாளும் பற்றாத நாளும் நாம் அவரைத் தூக்கியது ஒரே மாதிரிதான்.

அந்த மாணவி இப்போது எங்கோ ஆசிரியையாக இருக்கக்கூடும். அவள் கேட்ட கேள்விக்கு அன்று சொன்ன விடையையே இன்றும் சொல்வோம். சிரிக்காமல் சொல்வோம்.